தழும்பில்லாத ஆபரேஷன்

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் நாளில், நர்ஸ் என் மாமனாரின் பழைய பிளாஸ்திரியைப் பிரித்துத் தட்டில் போட்டாள். தபால்தலை அளவுதான் இருந்தது. திரையை விலக்கியதும் அவர் எங்களிடம் அதைக் காட்டி, "இம்புட்டுத்தானா?" என்று கேட்டார். உயிர் பிழைத்தவர் கேட்கிற கேள்வியா அது? ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி எடை குறைந்தால் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

அவர் வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் பலவீனமாகி பலூன்போல் உப்பியிருந்தது. சிறுநீரகக் கல்லுக்கு ஸ்கேன் எடுக்கப்போய்த் தற்செயலாகத் தெரிந்தது. வெடித்தால் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதே சந்தேகம் என்றார்கள். முன்பெல்லாம் வயிற்றைத் திறந்துதான் சரிசெய்வார்களாம். இவருக்குத் தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் சின்னத் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாகவே துணி போர்த்திய கம்பிவலைக் குழாய் ஒன்றை மேலே ஏற்றி, உப்பிய இடத்தில் விரித்து வைத்துவிட்டார்கள். இனி ரத்தம் அந்தக் குழாய்க்குள் ஓடும், வீங்கிய சுவரில் மோதாது. மறுநாளே எழுந்து நடந்தார். நான் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். குழாய் நகரலாம், ஓரத்தில் கசியலாம், கசிந்தால் வலிக்காது, வெளியே தெரியாது, அதனால் வருடந்தோறும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

சொந்த ஊரான கன்னிவாடிக்கு வந்து சேர்ந்தோம். எங்கள் பக்கத்தில் ஆபரேஷனுக்கென்று ஒரு மரியாதை உண்டு. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக உறவெல்லாம் வரும். வந்தவர்கள் காயத்தைப் பார்க்காமல், எத்தனை தையல் என்று கேட்காமல், உச்சுக் கொட்டாமல் போகமாட்டார்கள். மாமனாரின் அண்ணன் நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்துகொண்டவர். அந்தத் தழும்பு தெரிவதற்காகக் கல்யாண வீட்டில்கூடச் சட்டையின் மேல் பட்டன்களைப் போடமாட்டார். ஏதோ போரில் வாங்கிய காயம் என்று நினைப்பு. எந்த விசேஷத்திலும் முதல் நாற்காலி அவருக்குத்தான்.

அவர் வந்து, காயத்தைக் காட்டச் சொன்னார். மாமனாருக்கோ சபையில் காட்ட முடியாத இடத்தில் காயம். வேறு வழியில்லாமல் பனியனைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். அது வழுவழுவென்று இருந்தது.

"எங்கடா வெட்டிருக்காக? சும்மா ஊசியப் போட்டு அனுப்பிவிட்ருக்கான். இதுக்குப்போயி இம்புட்டுச் சனத்த வரவச்சிருக்க."

கூடம் முழுக்கச் சிரித்தது. வாங்கி வந்த ஆப்பிளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகாததுதான் பாக்கி.

என் மாமனார் அந்தச் சிரிப்பைத் தாங்கவில்லை. பிறர் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவது என்று முடிவு செய்தார். வயலுக்குப் போனார், மார்க்கெட்டுக்குப் போனார், விசாரித்தவர்களிடமெல்லாம் "ஒண்ணுமில்லப்பா, ஊசிதேன் போட்டாக" என்று வீரம் பேசினார். அப்படிப் பேசிய வாயோடு மதுரைக்கு எப்படி ஸ்கேனுக்குப் போவது? முதல் ஸ்கேனுக்கு மட்டும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அடுத்த வருடம் வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"ஊசி போட்டதுக்கு வருசா வருசம் போட்டோவா? ஊருக்குள்ள என்னான்னு சொல்றது?" என்று கேட்டுவிட்டுத் தென்னந்தோப்புக்குப் போய்விட்டார்.

அந்தக் கடைசிக் கேள்விதான் அவருடைய முழு நோயும். உள்ளே குழாய் கசிகிறதா என்ற கவலை அவருக்கு இல்லை. என் கணவரிடம் போய் முட்டினேன். அப்பா நல்லாத்தானே இருக்கிறார் என்றார். படித்தவர், திண்டுக்கல்லில் பெரிய உத்தியோகம், அப்பா முன்னால் மட்டும் வாய் திறக்காது.

அதற்கும் அடுத்த வருடம், தக்காளிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர் முதுகு வலிக்கிறதென்று உட்கார்ந்தார். திண்டுக்கல் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. குழாயின் ஓரம் கசிந்து, வீக்கம் பெருத்து வெடித்திருக்கும் என்றார் டாக்டர். ஒரு ஸ்கேனில் தெரிந்திருக்கும், இன்னொரு சின்னக் குழாயில் சரிசெய்திருக்கலாம் என்றார். நான் அழுதேன். எனக்கு அவரைப் பிடிக்கும். அதனால்தான் ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை.

இழவு வீட்டிலும் பெரியவர் பட்டனைத் திறந்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

"வயித்தத் தொறந்து பண்ணியிருந்தா என் தம்பி இருந்திருப்பான்," என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். என் கணவரும் ஆட்டினார். அந்தத் தழும்பைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இது குடும்பத்தில் தொடரக்கூடியது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், காரியம் முடிந்ததும் கணவரை இழுத்துக்கொண்டு போனேன். அவருக்கும் அதே இடத்தில் லேசான வீக்கம் இருந்தது. இப்போதைக்கு எதுவும் செய்ய வேண்டாம், வருடந்தோறும் ஸ்கேன் எடுத்துக் கவனித்தால் போதும் என்றார்கள். திரும்பும் பஸ்ஸில் மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்.

"பெரியப்பாகிட்டச் சொல்லிராத. ஒண்ணுமே செய்யாததுக்கு வருசா வருசம் ஆஸ்பத்திரிக்குப் போறான்னு சிரிப்பாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தகப்பனைத் தின்றது போதாதா இந்தச் சிரிப்புக்கு?

"சொல்ல மாட்டேன்," என்றேன். "நீங்க வர மாட்டேன்னு சொல்ற அன்னைக்கு, பெரிய மாமா வீட்டு வாசல்ல நின்னு ஊரைக் கூட்டிச் சொல்லுவேன்."

இன்றுவரை ஒரு வருடமும் தவறாமல் வருகிறார். புத்தி வந்து அல்ல, பெரியப்பாவுக்குப் பயந்துதான் வருகிறார். வரட்டும்.