தொட்டுவிட்டுப் போகச் சொன்ன சோறு

காலை ஐந்து மணிக்குக் குன்னத்தில் பஸ் ஏறினேன். இரண்டு வயது மகள் யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிச் சொல்லியிருக்கலாமோ என்று பெரம்பலூர் வரை யோசித்துக்கொண்டே போனேன். "நீ படிப்ப முடி, நான் பாத்துக்கறேன்" என்றிருந்தார் மாமியார்.

மலேசியாவில் சரவாக் மழைக்காட்டின் இபான் பழங்குடியினரிடம் மூன்று வாரம் தங்கி, அவர்கள் உண்ணும் கீரைகளை ஆராய வேண்டும். திருச்சியிலிருந்து கூச்சிங்குக்கு இரண்டு விமானம். பிறகு வேனில் ஐந்து மணி நேரம், நீளப்படகில் இரண்டு மணி நேரம். படகுக்குத் தலைக்கு முப்பது ரிங்கிட்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு, இருபது குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் நீண்ட வீட்டை அடைந்தோம். எனக்குத் தங்க இடம் தந்த மெலி என்ற பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். வந்ததும் எனக்குக் குழந்தை உண்டா என்று விசாரித்து, பெயரையும் கேட்டார். எதற்கு? கண் பட்டுவிடுமோ என்று பயந்து "கவிதா" என்று பொய் சொன்னேன். மொழிபெயர்க்க எங்களோடு வந்திருந்த ஈப்போ தமிழர் குணா அதை அவரிடம் சொன்னார்.

தினமும் நான் வெளியே கிளம்பும்போது மெலி சோற்றுத் தட்டை நீட்டுவார். வேண்டாமென்று கும்பிட்டு நகர்ந்துவிடுவேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப்பொடியே போதும் என்றிருந்தேன்.

ஏழாம் நாள், காலை ஒன்பதரை. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் புறப்பட்டேன். எப்போது அழைத்தாலும் யாழினி "தூங்குறா" என்று இரண்டு நாளாகப் பதில் வந்துகொண்டிருந்தது. பாதிவழியில் திரும்பிப் பார்த்தால், தட்டோடு மெலி ஓடிவருகிறார்.

"இவங்க ஏன் என்னை விடாம தொரத்துறாங்க? அதுல என்ன கலந்திருக்காங்க?" என்று கூட வந்த குணாவிடம் கேட்டேன்.

குணா சிரித்தார். "சோறுதான்கா. சாப்பிட வேணாம், விரலால தொட்டுட்டுப் போங்க. தொடாம போனா வழியில பாம்பு கடிக்கும்னு நம்புறாங்க. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் தெனம் வாசல்லயே நிக்கிறாங்க லா!"

சாப்பிடாத சோற்றில் கைவைப்பது எங்கள் வீட்டில் எச்சில். மரியாதை என்று நினைத்துத்தான் தொடாமல் இருந்தேன். தொட்டேன். மெலி நிம்மதியாக மூச்சுவிட்டார்.

மேட்டில் பத்து மணி, குன்னத்தில் ஏழரை.

"தூங்குறா" என்றார் மாமியார்.

"ஆறு மணிக்கே எந்திரிக்கிறவ அத்தை. மூஞ்சியக் காட்டுங்க."

"காய்ச்சல் அடிச்சுது. பெரம்பலூர்ல ஊசி போட்டாச்சு, நேத்தே வுட்டுடுச்சு. சொன்னா ஓடியாந்துடுவ."

யாழினி திரையில் வந்தாள். மெலிந்திருந்தாள். கையில் பன்.

அன்றே திரும்பியிருக்க வேண்டும் என்று இன்றும் தோன்றுகிறது. தினம் இருமுறை மேடேறி முகம் பார்த்துக்கொண்டு, மூன்று வாரத்தையும் முடித்தேன்.

கிளம்பும் நாளில் மெலி படகுத்துறைக்கே தட்டைக் கொண்டுவந்தார். ஒருமுறை தொட்டேன். பிறகு இன்னொரு முறை.

"அது யாருக்கு?" என்றார் குணா.

"யாழினிக்கு."

"அது யாரு அக்கா? பொண்ணு பேரு கவிதான்னீங்களே!"

என் முகம் சுட்டது. குணா மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டு மெலி என்னையே பார்த்தார். பிறகு தட்டில் இன்னொரு பிடி சோறு வைத்து, "யாழினி" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

ஊருக்குப் போனதும் அத்தையை மிளகாய் சுற்றிப் போடச் சொல்ல வேண்டும் என்று அப்போதும் நினைத்தேன்.