மீதி இருபது பைசா

எனக்குக் காசு சேர்க்கும் கிறுக்கு உண்டு என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அறுபதுகளின் கடைசியில், செஞ்சியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்த எனக்கு, அதைவிடப் பெரிய கிறுக்கு ஒன்று இருந்தது. அது அவலூர்பேட்டை போகும் நாலரை மணி பஸ்ஸில் காக்கிச்சட்டை போட்டுக்கொண்டு டிக்கெட் கிழித்தது.

அப்போது அரசாங்கம் காசு போட்ட வேகம் இருக்கிறதே, அப்பப்பா! அணா ஒழிந்து நயா பைசா வந்தது. பிறகு நயாவை எடுத்துவிட்டு வெறும் பைசா. அலுமினியத்தில் மூன்று பைசா, சதுரமாக ஒரு பைசா. ஒவ்வொன்றிலும் வருஷத்துக்கு ஒன்று. வருஷத்துக்குக் கீழே புள்ளி போட்டது தனி, போடாதது தனி. சேர்க்கிறவர்கள் எல்லாம் இதற்கு முடிவே இல்லையா என்று அலுத்துக்கொண்டார்கள். நான் மட்டும், இன்னும் போடட்டும், மாதத்துக்கு ஒன்று போடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். புதுக் காசு வந்தால்தான் அந்தக் கண்டக்டர் என்னிடம் இரண்டு வார்த்தை கூடப் பேசுவார்.

பாதி வழியில் இருந்த எங்கள் கிராமத்துக்கு டிக்கெட் முப்பது பைசா. சில்லறை சரியாக இருந்தாலும் நான் ஐம்பது பைசாவைத்தான் நீட்டுவேன். மீதியை இரண்டு பத்தாகக் கொடுத்துவிட்டுப் போகலாம் அல்லவா? மாட்டார். மூன்று பைசாவாக ஆறு எடுத்து, ஒவ்வொன்றாக என் கையில் வைப்பார். கடைசியில் ஓர் இரண்டு பைசா. "எல்லாம் புச்சு டீச்சர். புள்ளி இருக்குதான்னு பாருங்க" என்பார். கூடையும் மூட்டையுமாக நிற்கிற சனம், "இன்னா கண்டக்டரே, எங்களுக்கும் டிக்கெட் உண்டா, இல்லியா?" என்று சத்தம் போடும். அவர் மனதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் மனதில் இருந்தது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். விளக்கு வைத்தபின் ஒரு பருக்கை தொடக்கூடாது. நாலரை பஸ்ஸைப் பிடித்தால் ஐந்தேகாலுக்கு வீடு, உடனே சாப்பாடு. இரண்டு வருஷம் ஒருநாள்கூட இது தவறியதில்லை.

மார்கழியில் அவருக்கு டியூட்டி மாறியது. "நாளையிலேர்ந்து எனக்கு ஆறு மணி வண்டி டீச்சர். தாமரைப்பூ போட்ட இருபது பைசா வந்துருக்குதாம். கெடச்சா எடுத்து வெக்கிறேன்" என்றார். தங்கம் மாதிரி மின்னுகிற அந்தக் காசைப் பற்றித்தான் ஊரே பேசிக்கொண்டிருந்தது. தாமரை லட்சுமியின் பூ என்று, கையில் கிடைத்தவர்கள் பூஜையில் வைத்துக்கொண்டார்கள். செலவுக்கு வெளியே வரவே இல்லை.

மறுநாள் நாலரை பஸ் வந்தது. நான் ஏறவில்லை. கோட்டை மலை மேல் வெயில் சிவந்து மறையும்வரை பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி வண்டியில் என்னைப் பார்த்ததும், "இன்னா டீச்சர், இந்நேரத்துக்கு?" என்றார். அந்த முகத்தில் சந்தோஷம் இருந்தது. இருந்தது, நான் பார்த்தேன். தாமரைக் காசு கிடைக்கவில்லை. வழக்கம்போல ஆறு மூன்று பைசா, ஓர் இரண்டு பைசா. அன்று பட்டினி. மறுநாளும் பட்டினி. வயிறு காந்தியது, ஆனாலும் அவ்வளவு நிறைவாக நான் அதற்குமுன் படுத்ததில்லை.

மூன்றாம் நாள் நைனா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அவலூர்பேட்டையில் மல்லாட்டை மண்டி, நாள் முழுக்க வேர்க்கடலை மூட்டையும் சில்லறையும் புழங்கும் இடம்.

"இன்னாம்மா, மூணு நாளா சாப்பாட்ட உட்டுட்டு எங்க நிக்கிற?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "புது இருபது பைசா நைனா. ஆறு மணி வண்டில கெடைக்கும்னாங்க."

திட்டப்போகிறார் என்று நடுங்கினேன். அவர் சிரித்துவிட்டார். "அட பைத்தியமே! காசுக்கா வயித்தக் காயப் போட்ட? மண்டியில பொழங்காத காசா? எத்தினி புதுசு வந்தாலும் நானே கொண்டாறேன். நீ நாலரை வண்டிக்கே வந்துடு."

திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அன்பாகச் சொல்லிவிட்டாரே, என்ன செய்வது? எனக்குக் காசு வேண்டாம் நைனா என்று சொல்ல வாய் வரவில்லை. நாலரை வண்டிக்கு வந்த புதுக் கண்டக்டர் இரண்டு பத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஆறு மணி வண்டி எங்கள் ஊரைத் தாண்டுகிற ஹாரன் கேட்கும்போது, நான் சாப்பிட்டுக் கை கழுவி வெகுநேரம் ஆகியிருக்கும். தை முடிவதற்குள், அவரை வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டதாகப் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள். எந்த ரூட் என்று யாரிடம் கேட்பேன்? எந்த உரிமையில் கேட்பேன்?

நைனா சொன்ன சொல் தவறவில்லை. ஒரு சாயங்காலம் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். தாமரைப்பூ போட்ட இருபது பைசா. ஒன்றல்ல, புள்ளி வைத்தது, வைக்காதது என்று இரண்டு. யாரோ பூஜையில் வைத்திருந்ததைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்க முடியவில்லை. நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இங்க வந்து பாரேன் இவள! சந்தோசத்துல அழுவுறா" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.