வெண்மதி பார்த்த வீடியோ

செஞ்சி காந்தி பஜாரில் ஒரே ஷட்டருக்குள் இரண்டு கடைகள் உண்டு. இடப்பக்கம் எழில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறான். வலப்பக்கம் அவன் மனைவி வெண்மதி ரவிக்கை தைக்கிறாள். நடுவில், மேலே ஃபேன் மாட்டும் கொக்கியில் ஒரு புடவைத் தூளி. அதற்குள் அவர்கள் மகள் தமிழினி. எழில் என் பெரியப்பா மகன். அதனால் அந்தக் கடையில் நடப்பதெல்லாம் நான் இருக்கும் மெல்போர்னுக்கு உடனுக்குடன் வந்துவிடும். கூடவே கவலையும்.

வெண்மதிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. விழுப்புரம் பக்கம் ஒரு காது கேளாதோர் பள்ளியில், விடுதியில் தங்கிப் படித்தவள். போன் கேமரா கெட்டுப்போய்த்தான் முதன்முதலில் எழில் கடைக்கு வந்தாள். மற்றவர்களுக்குக் கேமரா படம் எடுக்க. அவளுக்கு அதுதான் தோழிகளோடு பேசுகிற வாய். நாளைக்கு வரச் சொல்லி எழில் கை காட்டியிருக்கிறான். அவள் நகரவே இல்லை. போன் சரியாகும்வரை நின்றாள். பிறகு அவனே சைகை கற்றுக்கொண்டான். "கல்யாணத்துக்கு முன்னாடியே சண்ட போட்ற அளவுக்கு கத்துக்கினேன்" என்பான்.

தமிழினி பிறந்ததும் ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்துப் பார்த்து, நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டார்கள். வெண்மதி அன்றைக்கே மகளோடு பேச ஆரம்பித்துவிட்டாள், கையால். குளிப்பாட்டும்போது ஒரு கை குழந்தையைத் தாங்கும், மறு கை தண்ணீரைப் பற்றிச் சொல்லும். தூளியிலிருந்து ஒரு நூல் வந்து அவள் கணுக்காலில் கட்டியிருக்கும். குழந்தை புரண்டால் தெரிந்துவிடும். மிஷினை நிறுத்தி எட்டிப் பார்ப்பாள். காக்கா வந்தது, மழை வரப்போகிறது, பச்சை ரவிக்கைக்காரி இன்னும் வாங்க வரவில்லை என்று எல்லாவற்றையும் தூளிக்குள் சொல்வாள்.

பக்கத்தில் பூக்கடை போட்டிருக்கும் ராஜாம்பாளுக்கு இது தினமும் வேடிக்கை.

"இன்னாடா எழிலு, ஒம் பொண்டாட்டி கொசு ஓட்றாளா?"

"இல்லக்கா. ஒன்னப் பத்திதான் புள்ளைகிட்ட சொல்லிகினு இருக்குது."

"சொல்லட்டும் சொல்லட்டும். நல்லதா நாலு வார்த்த சொல்லச் சொல்லு."

மற்ற குழந்தைகள் குரல் வரும் பக்கம் திரும்புவார்கள். தமிழினி கை வரும் பக்கம் திரும்புவாள். விரல்கள் ஓயும்வரை கண்ணிமைக்காமல் பார்த்துவிட்டு, முடிந்ததும் கால்களை உதைத்துக்கொள்வாள்.

குழந்தைக்குப் பத்து மாதம் ஆனபோது எழிலின் அக்கா ஜெயஸ்ரீ வந்தாள். தொண்டூரில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே நர்சரிப் பள்ளியில் டீச்சர். தம்பி மகள் என்றால் உயிர். அந்தப் பிரியம்தான் அவளைத் தூங்கவிடாமல் செய்திருந்தது.

"டேய், பத்து மாசம் ஆவுது. அத்தன்னு ஒரு வார்த்த வருதா? நீ காலைலேர்ந்து போன நோண்டிகினு குனிஞ்சிகிற. அவ வாயே தொறக்க முடியாதவ. புள்ள யார பாத்துடா பேசும்?"

"பேசும்கா. காது நல்லா இருக்குதுன்னுதான் டாக்டரு சொன்னாரு."

"காது இருந்தா போதுமா? கேக்கறதுக்கு எதனா இருக்க வேணாமா? ஒரு மாசம் எங்கூட இருக்கட்டும். பேச வச்சு கொண்டாந்து உடுறேன்."

இப்படியே வெகுநேரம் போயிற்று. வெண்மதி மிஷினை நிறுத்திவிட்டு இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழில் அவள் பக்கம் திரும்பி, 'ஒரு மாதம் அக்கா வீட்டில் இருக்கட்டும். பேச்சு வரும்' என்று கையால் சொன்னான்.

'இவ்வளவு நேரம் பேசினீர்கள். இவ்வளவுதானா?' என்று கேட்டாள் வெண்மதி.

எழில் மறுபடி போன் மேல் குனிந்துகொண்டான். அவளும் மேலே கேட்கவில்லை. தன்னால் மகளுக்குப் பேச்சு வராமல் போய்விடுமோ என்ற பயம் அவளுக்குள்ளும் இருந்தது. யாரும் சொல்லித்தான் அது வரவேண்டும் என்றில்லை. குழந்தையின் துணிகளை அவளே மடித்துப் பையில் வைத்தாள்.

தொண்டூர் வீட்டில் தமிழினி முதலில் ஓயாமல் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை எழிலும் வெண்மதியும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது மூச்சடைக்க அழுதாள். "நீங்க வந்துட்டுப் போனா புள்ளய அடக்க ரெண்டு நாளு ஆவுது. கொஞ்ச நாளு வராதீங்க. போன்லயும் காட்ட வேணாம், ஏங்கிப் போவுது" என்று சொல்லிவிட்டாள் ஜெயஸ்ரீ. வெண்மதிக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. அந்த வலியோடு ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்தாள். தூளி காலியாகத் தொங்கியது. அதை அவிழ்க்க அவள் விடவில்லை.

பிறகு அழுகை நின்றது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஜெயஸ்ரீயின் குரல் வந்தது: "பாப்பா சமத்து ஆய்ட்டா. அழுறதே இல்ல. வச்ச எடத்துல பொம்ம மாதிரி உக்காந்துகிறா."

பத்து மாதக் குழந்தை பொம்மை மாதிரி உட்காரலாமா, சிரிக்கிறாளா, முகத்தைப் பார்க்கிறாளா என்று நான் கேட்டு எழுதினேன்.

"அங்க உக்காந்துகினு டென்ஷன் ஆவாதடி. ஒனக்கு வெயிலடிச்சாலும் டென்ஷன், மழ பெஞ்சாலும் டென்ஷன்" என்று பதில் வந்தது.

ஆனால் அந்த வாரமே பயம் ஜெயஸ்ரீயைப் பிடித்தது. குழந்தை உட்கார்ந்த இடத்தில் திடீரென்று வலக்கையை உயர்த்தும். விரல்களை மூடும், திறக்கும், மறுபடி மூடும். அந்த நேரம் கண்கள் அவள் முகத்தில் குத்திட்டு நிற்கும். பிறகு விரலால் மூக்கின் பக்கத்தைக் குத்திக்கொள்ளும். அதையே திரும்பத் திரும்பச் செய்யும். முதலில் சளி என்று நினைத்து மூக்கில் சொட்டு மருந்து விட்டாள். நிற்கவில்லை. வலிப்பாக இருக்குமோ என்று தோன்றியதும் டாக்டரிடம் ஓடினாள். அங்கே குழந்தை சும்மா இருந்தது. பார்த்தவரையில் ஒன்றுமில்லை, அடுத்த முறை வந்தால் வீடியோ எடுத்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

எடுத்தாள். எடுத்ததும் குழுவில் போட்டாள்.

எழில் கடையில் அதைப் பார்த்தான். வீடியோ முழுக்க அக்காவின் குரல் நடுங்கியது. "பாப்பா... இங்க பாரு பாப்பா... ஐயோ, மறுபடியும் பண்ணுது பாரு, கைய பாரு... டேய் எழிலு, எனக்கு பயமா இருக்குதுடா..." அதற்குள் நானும் இணையத்தில் தேடி, வாயில் நுழையாத ஒரு வியாதியின் பெயரோடு, 'உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்று அனுப்பியிருந்தேன்.

அவன் முகம் மாறியதைப் பார்த்து வெண்மதி மிஷினை விட்டு எழுந்து வந்தாள். போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவளுக்கு அந்தக் குரல் இல்லை. நடுக்கம் இல்லை. ஐயோ இல்லை. பாயில் உட்கார்ந்திருக்கும் தன் மகளும் அவள் கையும் மட்டும்தான். ஒரு முறை பார்த்தாள். மறுபடி ஓட விட்டாள். முகத்தில் சிரிப்பு வந்து, வந்த இடத்திலேயே உடைந்தது. போனைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு எழிலின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

'இது என்ன?' என்று கையை மூடித் திறந்து காட்டினாள்.

எழிலுக்குத் தெரியும். பால். மாட்டு மடியைப் பிடிப்பது போன்ற சைகை. தினமும் அவன் கண்முன்னால் நடந்ததுதான்.

'இது?' விரலை மூக்கின் பக்கத்தில், மூக்குத்தி இருக்கும் இடத்தில் வைத்தாள்.

விடுதியில் அவள் கற்றது அது. மூக்குத்தி போடுகிறவள், அம்மா.

'பால் கேட்டிருக்கிறாள். வரவில்லை. என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நானும் வரவில்லை.'

உச்சி வெயிலில் ஷட்டரை இறக்கிவிட்டு இருவரும் பைக்கில் தொண்டூர் போனார்கள். ராஜாம்பாள் கேட்டதற்குக்கூட எழில் நின்று பதில் சொல்லவில்லை.

தமிழினி நடு வீட்டில் பாயில் இருந்தாள். வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மறந்துட்டாடா" என்றாள் ஜெயஸ்ரீ.

எழில் தூக்கப் போனான். வெண்மதி அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். பாய்க்குச் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். மகள் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பேச ஆரம்பித்தாள். ஃபேன் சுற்றுகிறது. வெளியே நாய் படுத்திருக்கிறது. வெயில். அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. கடையில் சொல்வது போலவே, அவசரமில்லாமல்.

குழந்தை ஓரக்கண்ணால் பார்த்தது. திரும்பிக்கொண்டது. மறுபடி பார்த்தது. இந்த முறை கண்ணை எடுக்கவில்லை. கை மெல்ல உயர்ந்தது. விரல் மூக்கைத் தேடி, தவறிக் கன்னத்தில் பட்டது.

வெண்மதி தன் மூக்கில் விரலை வைத்துத் தலையாட்டினாள்.

அவ்வளவுதான். வீடே அதிரும்படி அழுதுகொண்டு தவழ்ந்து வந்து மடியில் விழுந்தாள் தமிழினி. விழுந்த பிறகும் அழுதாள். அம்மாவின் மார்பில் இரண்டு கையாலும் அடித்து அடித்து அழுதாள்.

"இவ்ளோ அழுவுதேடா!"

"அழட்டும்கா" என்றான் எழில். "உடு. அழட்டும்."

ஜெயஸ்ரீ சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். எழில் விஷயத்தைச் சொன்னான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மா சொல்லு, அம்மா சொல்லுன்னு காலைலேர்ந்து ராவு வரைக்கும் நா உயிர வாங்கறேன். அது சொல்லிகினேதான் இருந்துதா? நா மூக்குல மருந்து ஊத்திட்டேனேடா!"

வெண்மதி எழிலின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அக்கா என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். இந்த முறை அவன் சுருக்கவில்லை. மூக்கு மருந்து வரைக்கும் சொன்னான். வெண்மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்த ஜெயஸ்ரீக்குக் கோபம் வந்தது.

"சிரிக்கிறா பாரு. சரி, கூட்டிகினு போங்க. அவ புள்ள அவகிட்டதான் இருக்கணும், புரிஞ்சிபோச்சு." எழுந்து போய் அலமாரியிலிருந்து குழந்தையின் துணிகளை எடுத்துப் பையில் திணித்தாள். திணித்துக்கொண்டே திரும்பினாள். "ஆனா பேச்சு? பேச்சுக்கு இன்னாடா பண்றது? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கடைக்கு வருவேன். வந்து ஒக்காந்து பேசிகினே இருப்பேன். தொல்லன்னு சொல்லக் கூடாது."

எழில் அதையும் கையால் சொன்னான். வெண்மதி யோசித்தாள். குழந்தையை ஒரு தோளுக்கு மாற்றிக்கொண்டு எழுந்து வந்து, நாத்தனாரின் வலக்கையைப் பிடித்தாள். பையைக் கீழே வைக்கச் சொன்னாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள். பிறகு குழந்தையின் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"நானா?" என்றாள் ஜெயஸ்ரீ. வெட்கமாக இருந்தது. பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் நின்று பாட்டுப் பாடுகிறவள், ஒரு குழந்தை முன்னால் கையைத் தூக்கக் கூச்சப்பட்டாள். தூக்கினாள். கோணலாக மூடித் திறந்தாள்.

தமிழினி அழுகையை நிறுத்தினாள். கன்னத்தில் கண்ணீர் காயாமல், அத்தையின் கையைப் பார்த்தாள். அப்புறம் முகத்தைப் பார்த்தாள். யாரோ இப்போதுதான் வீட்டுக்குள் வந்தது போல மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாடி அப்டி பாக்கற? ஒன் அத்தடி நானு."

குழந்தையின் கை அம்மாவின் தோளிலிருந்து எழுந்தது. மூடியது. திறந்தது.

"ஐயோ, கேக்குதுடா! எங்கிட்ட கேக்குது!" என்று கத்திக்கொண்டு, பையை அப்படியே போட்டுவிட்டு, பால் காய்ச்ச அடுப்படிக்கு ஓடினாள் ஜெயஸ்ரீ.