டொக் என்று கேட்ட சத்தம்

அண்ணன் ஒரு கோப்பையை இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது நடுவிரலால் ஒரு தட்டுத் தட்டுவான். டிங் என்று கேட்டால் நல்ல சாமான். டொக் என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். மறுபடி பார்க்கக்கூட மாட்டான், உடைசல் தொட்டியில் போட்டுவிடுவான். விருத்தாசலத்தில், சூளையிலிருந்து இறங்கும் பீங்கானைத் தரம் பிரிக்கும் வேலை அவனுக்கு. என் பெரியம்மா மகன். அதே பட்டறையில் நான் கணக்கு எழுதினேன்.

சுனாமிக்கு அடுத்து வந்த மாசி மகத் திருவிழாவில், ஊரே தேர் பார்க்கப் போயிருந்தபோது, அவன் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வைகாசியில் கல்யாணம், பெண் திட்டக்குடி. புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்து, கல்லீரலிலேயே தொடங்கும் புற்றுநோய், அதிலும் அபூர்வமான ஃபைப்ரோலமெல்லர் வகை என்றார்கள். பிறகு தேடிப் படித்தேன். கல்லீரல் புற்று பெரும்பாலும் மஞ்சள்காமாலைக் கிருமியாலோ குடியாலோ தழும்பேறிப்போன கல்லீரலில் வருவது. இந்த வகையோ நல்ல கல்லீரல் உள்ள இளவயதுக்காரர்களுக்கு வருகிறது. மருந்துக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது. வெட்டி எடுப்பதுதான் முதல் வழி.

ஊருக்கு அதெல்லாம் தெரியாது. கல்லீரல் என்றால் குடி. வெற்றிலைகூடப் போடாத அண்ணன், எங்கள் ஊர் டீக்கடைப் பேச்சில் ஒரே வாரத்தில் பெருங்குடிகாரன் ஆகிவிட்டான்.

அண்ணனோ அறுவைக்கே ஒப்பவில்லை.

"டாக்டரு விலாவுல வெரல வச்சித் தட்டுனாருடா. டொக்குன்னு கேட்டுச்சு. தெனம் தட்டுறவன், எனக்குத் தெரியாதா? இனிமே வெட்டி என்னா ஆவப்போவுது? வூட்டுக்குப் போயிடலாம்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. நானும் அந்தப் பட்டறையில் சோறு தின்றவன்தானே.

மறுநாள் பெண்ணின் அப்பா, திட்டக்குடி மாமா, வந்தார். சம்பந்தத்தை முறித்துக்கொண்டு போகும் எண்ணம் முகத்திலேயே தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லியும் பெண் அவரோடு பஸ் ஏறி வந்திருந்தாள். அறுவை மருத்துவர் வார்டுக்கு வந்ததும் மாமா நேராகவே கேட்டார்.

"குடிச்சித்தான டாக்டர் இது வந்துச்சி?"

"இல்லீங்க. கட்டியத் தவிர மிச்சக் கல்லீரல் சுத்தமா இருக்குது. அந்த தைரியத்துலதான் பாதிக்கு மேல வெட்டலாம்னு சொல்றேன். மிச்சம் வளந்துடும். இவருதான் வேணாங்கறாரு."

அண்ணன் சுவரைப் பார்த்தபடி டொக் விஷயத்தைச் சொன்னான். மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

"கல்லீரல் மேல தட்டுனா எல்லாருக்கும் டொக்குன்னுதாங்க கேக்கும். டிங்குன்னு கேட்டாத்தான் நான் பயப்படணும்."

அண்ணன் நம்பவில்லை. அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். "எங்கப்பாவத் தட்டுங்க டாக்டர். அவரு காதாலயே கேக்கட்டும்."

மாமா மறுப்பதற்குள் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டார்கள். வலது விலாவில் ஒரு தட்டு. டொக். அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். "இன்னொருவாட்டி தட்டுங்க சார்." மறுபடியும் டொக்.

மருத்துவரின் கை அதற்குள் விலாவுக்குக் கீழே இறங்கியிருந்தது. "மூச்ச நல்லா இழுங்க. உங்களுக்குத்தான் கொஞ்சம் வீங்கியிருக்குது. தெனமும் குடிப்பீங்களா?"

மாமா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழப்பார்த்தார். "சொல்லுங்கப்பா, டாக்டர் கேக்கறாருல்ல" என்றாள் மகள்.

அன்று மாலையே அண்ணன் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டான். கட்டியோடு வலப்பக்கக் கல்லீரலையும் அதன் அருகிலிருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போனது; முறியவில்லை. குடித்து வந்ததா என்று அதன் பிறகு மாமா எங்கும் வாய் திறக்கவில்லை. "மாப்பிளைக்குக் கல்லீரல் வளர்ற வரைக்கும் நான் பாட்டிலத் தொட மாட்டேன்" என்று மகளிடம் சொன்னதோடு சரி.

ஐப்பசியில் எடுத்த ஸ்கேனில், போதுமான அளவு வளர்ந்துவிட்டது என்றார் மருத்துவர். எல்லோரும் மாமாவையே பார்த்தோம். அவர் படத்தை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு நெறிக்கட்டியில் புற்று மீண்டும் தலைகாட்டியது; அதையும் எடுத்தாயிற்று. இன்றும் ஸ்கேன் தவறுவதில்லை. நல்ல முடிவு வந்த அன்றைக்கு அண்ணன் மாமனாருக்குப் போன் போடுவான்.

"மாமா, முழுசா வளந்துடுச்சாம். சாயந்திரம் ஒரு பாட்டில் வாங்கியாரட்டா?"

ஐப்பசியில் அந்தப் படத்தைத் திருப்பிக் கொடுத்தபடி சொன்ன அதே பதில்தான் இன்றும் வரும்.

"இன்னும் கொஞ்சம் வளரட்டும் மாப்பிள."