கண்டத்துக்கு முன்னால் ஒரு குத்துவிளக்கு

எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பெரிய பதவி மாணவர் ஒன்றியச் செயலாளர் பதவி. அதுவும் திறமையால் வந்ததில்லை. தேர்தல் நடந்த அன்று வளாகத்தில் பாதிப்பேர் இல்லை. இருந்தவர்களில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதக்கூடியவன் இவன்தான் என்று யாரோ ஒருவன் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டான். நானும் மறுக்கவில்லை. கடிதத் தலைப்பில் பெயர் வருமென்றால் யாழ்ப்பாணத்தில் எவன் மறுப்பான்? படித்த இடத்தின் பெயர் வேண்டாம், அங்கே நான் இன்னும் ஒரு சான்றிதழ் எடுக்கவேண்டிக் கிடக்கிறது.

ஒன்றியத்துக்கு ஓர் அறை இருந்தது. அதற்குள் திறப்புத் தொலைந்த அலுமாரி ஒன்றும், கிழட்டு மடிக்கணினி ஒன்றும், ஆளுயரத்தில் பாதி வரும் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றும் இருந்தன. விளக்கைத் துடைப்பதற்குத் தலைவர் ஆள் வைத்திருந்தார். மடிக்கணினியைக் கிளப்பத் தெரிந்த ஒரே ஆள் குருநகரிலிருந்து வந்த இரண்டாம் வருட மாணவி. தகப்பனுக்குக் கடற்றொழில். கணக்கில் புலி, வாயில் அதைவிடப் புலி. என்னை "செயலாளர் அண்ணை" என்றுதான் கூப்பிடுவாள். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

நாடு முழுக்க நாளுக்குப் பல மணித்தியாலம் கரண்டை வெட்டிய காலம் அது. பெற்றோல் இல்லை, ஆகவே பஸ் இல்லை, ஆகவே பரீட்சையையும் வீட்டிலிருந்து இணையத்தில் எழுதுங்கள் என்று விட்டார்கள். புள்ளிவிபரவியல் பாடம். அவள் விடை முழுவதையும் தாளில் எழுதி முடித்து, கைபேசியில் படம் பிடித்து, அனுப்பப் போகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. படங்கள் ஏறி முடியமுன் கைபேசிக் கோபுரத்தின் பற்றரியும் செத்து, சிக்னலும் போய்விட்டது. கைபேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி இறங்குதுறை வரைக்கும் ஓடியிருக்கிறாள். அங்கே சிக்னல் கிடைத்தபோது நேரம் முடிந்து ஆறு நிமிடம்.

பெறுபேற்றில் அவளுக்கு நேரே "சமுகமளிக்கவில்லை" என்று இருந்தது. அடுத்த வருடம் இளையவர்களோடு இருந்து எழுதலாம். ஆனால் இரண்டாந்தரம் எழுதுபவருக்கு வகுப்புச் சித்தி கிடையாது என்பது விதி. முதல் வகுப்பு எடுக்கக்கூடிய பிள்ளை அவள். அது இல்லாவிட்டால் விரிவுரையாளராகும் ஆசையை மூட்டைகட்டி வைக்கவேண்டியதுதான்.

"எழுதினனான் அண்ணை. கை நோக நோக எழுதினனான். வரேல்லை எண்டு போட்டிருக்கினம்," என்றாள். அன்றைக்கு அதில் நக்கல் இல்லை.

தலைவரும் நானும் பரீட்சைப் பகுதிக்குப் போனோம். அங்கிருந்த அலுவலர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்தார். "தம்பிமார், கரண்ட் போனால் திருப்பிப் பரீட்சை வைக்கவேணும் எண்டு இந்த ஆசியாவிலை எங்கையாவது விதி இருக்கோ? இருந்தால் கொண்டு வாருங்கோ, பாப்பம்." அவர் எங்களைத் துரத்தத்தான் அப்படிச் சொன்னார். நாங்கள் ஆசியாவைத் தேடப் புறப்பட்டோம்.

இந்தக் கண்டத்து நாடுகளின் மாணவர் ஒன்றியங்கள் எல்லாம் சேர்ந்த ஒரு பேரவை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததே அப்போதுதான். கூட்டம் இணையத்தில்தான், ஒரு நாட்டுக்கு ஓர் ஆசனம், மூன்று நிமிடம். தீர்மானத்தை அந்த மூன்று நிமிடத்துக்குள் வாசித்துவிட வேண்டும். வேறு இரண்டு நாடுகள் ஆமோதித்தால் வாக்கெடுப்பு. நிறைவேறினால் ஒவ்வொரு நாட்டு ஒன்றியமும் அந்தத் தீர்மானத்தை வைத்து, பாதிக்கப்பட்ட மாணவர் படிக்கும் இடத்துக்குத் தன் கைப்படக் கடிதம் எழுதும். வாசிக்காத தீர்மானம் செத்த தீர்மானம். அடுத்த கூட்டம் இரண்டு வருடம் கழித்து, அதாவது அவள் படிப்பு முடிந்த பிறகு.

இலங்கையின் ஆசனம் எங்களிடம் இல்லை. அது தெற்கிலிருந்து இயங்கிய தேசிய ஒன்றியத்திடம் இருந்தது. அவர்கள் எங்களை மறந்துவிடுவார்கள், நாங்கள் மூஞ்சியை நீட்டிக்கொண்டிருப்போம், இதுதான் எங்கள் ஐக்கியம். அதன் செயலாளர் கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெடியன். அவனுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே பள்ளிக்கூடத்தில் பெயில் விட்டவை போலிருக்கும், ஆகையால் நன்றாக ஒத்துப்போனோம். அவனிடம் சொந்தமாக ஒரு தீர்மானம் தயாராக இருந்தது, விடுதிகளில் தண்ணீர் இல்லாதது பற்றி. நான் விஷயத்தைச் சொன்னதும் அவளுடைய படிப்பு எப்போது முடிகிறது என்று கேட்டான். பிறகு, தண்ணீர் இரண்டு வருடம் பொறுக்கும், அந்தப் பிள்ளை பொறுக்காது, மூன்று நிமிடத்தையும் நீங்களே எடுங்கள் என்றான். எந்த நிபந்தனையும் போடவில்லை.

இனித்தான் எங்கள் சீத்துவம், எங்கள் லட்சணம்.

எங்கள் தலைவர் நாதஸ்வரத்துக்குப் பேர்போன அளவெட்டி ஊர்க்காரர். நல்ல மனுசன், ஆனால் ஒரு நிகழ்ச்சி என்றால் அது நிகழ்ச்சி மாதிரி நடக்கவேண்டும் அவருக்கு. "கண்டத்துக்கு முன்னாலை போறம். வெறுங்கையோடை போகேலாது," என்றார். மங்கள விளக்கேற்றல், மங்கள இசை, வரவேற்புரை, தலைமையுரை, அதன்பிறகு தீர்மானம், கடைசியில் நன்றியுரை. தலைவரை மட்டும் குறைசொல்லித் தப்பமாட்டேன். அந்த நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சுச் செய்தவன் நான். ஒவ்வொன்றுக்கும் முப்பது செக்கன் என்று பக்கத்தில் எழுதி, கூட்டிப் பார்த்து, மூன்று நிமிடம் சரியாக வருகிறது என்று மகிழ்ந்தவனும் நான்தான். எங்கள் ஊரில் முப்பது செக்கனில் எவனாவது வரவேற்புரை முடித்திருக்கிறானா என்று அந்த மரமண்டைக்கு ஓடவில்லை.

அவள் நிரலை வாசித்தாள். "இதிலை நான் எங்கை, செயலாளர் அண்ணை?"

"நீ மடிக்கணினி," என்றேன்.

அவள் நிரலைத் திருப்பி என் கையில் தந்தாள். போய்க் கணினிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். வெட்டு அட்டவணையில் அந்த நேரம் எங்கள் பகுதிக்குக் கரண்ட் இருந்தது. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கண்டம் தெரிந்தது. தலைமை வகித்தவர் மணிலாவிலிருந்து ஒருவர், கையில் மேசைமணி வைத்திருந்தார். இலங்கை என்று கூப்பிட்டதும் தலைவர் பட்டுவேட்டி சரசரக்க எழுந்து விளக்கடிக்குப் போனார். முதல் நெருப்புக்குச்சி முறிந்தது. இரண்டாவது காற்றில் நூர்ந்தது. காற்றாடியை நிற்பாட்டச் சொன்னார். ஐந்து திரியும் எரிந்து முடியும்போதே முக்கால் நிமிடம் போய்விட்டது.

அடுத்தது மங்கள இசை. தலைவரின் மச்சான்முறையான ஒருவர் நாதஸ்வரத்தோடு கணினிக்கு நேரே நின்று ஊதினார். அறை அதிர்ந்தது, எனக்குப் புல்லரித்தது. ஆனால் கட்டங்களில் இருந்த முகங்கள் ஒருமாதிரி விழித்துக்கொண்டிருந்தன. பின்னர்தான் தெரிந்தது, அந்தச் செயலி பின்னணி இரைச்சலைத் தானாகவே அமத்திவிடுமாம். நாதஸ்வரத்தை அது இரைச்சல் என்று முடிவெடுத்துவிட்டது. ஒரு பெரிய மனிதர் கன்னத்தை உப்பி உப்பிச் சத்தமில்லாமல் மூச்சு விடுவதை ஆசியா முழுவதும் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு தலைவர் வரவேற்புரைக்கு வாயைத் திறந்தார். மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மதிப்புக்குரிய செயலாளர் அவர்களே, மதிப்புக்குரிய மங்கோலியப் பிரதிநிதி அவர்களே என்று நாடு நாடாகப் போனார். ஆங்கிலத்தில்தான், ஆனால் ஒருவரையும் விடாமல். தாய்லாந்துக்கு வந்தபோது மணி அடித்தது. இலங்கைக்கு நன்றி, அடுத்தது ஜப்பான் என்றார் மணிலாக்காரர்.

தீர்மானம் என் கையிலேயே இருந்தது. வியர்வையில் நனைந்துபோயிருந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அதுவரை என் வாழ்நாளில் அப்படி நான் வெட்கப்பட்டதில்லை. அவளுடைய முதல் வகுப்பையும் கண்டிப் பெடியனின் தண்ணீரையும் சேர்த்து விளக்குத்திரியில் கொளுத்திவிட்டேன்.

அரட்டைப் பெட்டியில் கண்டிக்காரன் ஒரு வரி எழுதினான்: "விளக்கு அழகாக இருந்தது." கடவுளே, அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதன்பிறகு பத்து நிமிடம் அவனைக் காணவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்தேன். உண்மையில் ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் தனித்தனியாக எழுதிக் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறான். நேபாள ஒன்றியத்தின் தலைவியிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. எங்கள் நாட்டிலும் ஒருகாலத்தில் பாதிநாள் இருட்டுத்தான், இவ்வளவு விளக்கு ஏற்றியவர்களிடம் ஒரு காகிதமும் இருந்திருக்கும், அதை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாள். அனுப்பினேன்.

நேபாளத் தலைவி தன் மூன்று நிமிடத்தில் தன்னுடைய விஷயத்தை ஒரு நிமிடத்தில் முடித்துக்கொண்டு எங்களுடையதை வாசித்தாள். மின்வெட்டால் தடைப்பட்ட பரீட்சையைத் திரும்ப நடத்தவேண்டும், அதை முதல்தரம் எழுதுவதாகவே கொள்ளவேண்டும், அவ்வளவுதான். மங்கோலியா ஆமோதித்தது. பங்களாதேஷும் ஆமோதித்தது. வாக்குக்கு விடுமுன் மணிலாக்காரர் ஒரு கேள்வி கேட்டார்: பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் பேச யாராவது இருக்கிறீர்களா?

தலைவர் தொண்டையைச் செருமினார். நான் தலைமையுரைத் தாளைத் தேடினேன். அதற்குள் மடிக்கணினி மியூட்டைத் திறந்து பேசத் தொடங்கியது.

"நான்தான் அந்த மாணவி," என்றாள் ஆங்கிலத்தில். வணக்கம் இல்லை, அவர்களே இல்லை. பையிலிருந்து விடைத்தாளை எடுத்தாள். அதை அவள் தினமும் கொண்டு திரிந்தது எனக்குத் தெரியாது. பதினொரு பக்கத்தையும் ஒவ்வொன்றாகக் கமராவுக்கு முன்னால் பிடித்தாள். "வீட்டில் வெளிச்சம் இல்லை. ஆனால் நான் இருந்தேன். நான் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நான் இருந்தேன்." பிறகு மியூட்டைப் போட்டுவிட்டுத் தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

கட்டம் கட்டமாகக் கைகள் எழுந்தன. தலைவர் அழுதார். நானும்தான்.

அடுத்த மாதம் பரீட்சைப் பகுதிக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. நேபாளத்திலிருந்து, கொரியாவிலிருந்து, எழுத்து மேலிருந்து கீழே ஓடுகிற மங்கோலியாவிலிருந்து. கண்டிக்காரன் மூன்று மொழியில் மூன்று கடிதம் போட்டான். எதில் என்ன எழுதியிருக்கிறது என்று அலுவலருக்குப் பாதி விளங்கியிருக்காது, ஆனால் எல்லாவற்றிலும் வட்டமாக முத்திரை இருந்தது. முத்திரையைக் கண்டால் எங்கள் அலுவலகங்களுக்கு ஒரு பணிவு வரும். மூக்குக்கண்ணாடிக்காரர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, உவையளை நிப்பாட்டச் சொல்லும். வைக்கிறம்," என்றார்.

மறுபரீட்சை நாளன்று மண்டப வாசலில் போய் நின்றேன். அவளுக்காக நடக்கிற பரீட்சை, அவளை வாழ்த்தி உள்ளே அனுப்பவேண்டும் என்று ஒரு சின்ன உரைகூடச் சட்டைப்பைக்குள் இருந்தது. மனுசன் திருந்துவானா?

அவள் தனியாக வரவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை வந்தது. பருத்தித்துறையிலிருந்து, தீவுப் பக்கத்திலிருந்து, வன்னிக்குள்ளிருந்து, மலையகத்திலிருந்து. எல்லாருக்கும் அதே நாள், அதே கரண்ட், அதே "சமுகமளிக்கவில்லை". நாங்கள் ஆசியாவின் ஆசனங்களை எல்லாம் எண்ணினோம். எங்கள் வளாகத்தில் இன்னும் எத்தனை பேர் என்று அறிவித்தல் பலகையில் ஒரு துண்டு ஒட்டிக் கேட்டிருக்கலாம், அதைச் செய்யவில்லை.

வன்னிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை என் பக்கத்தில் நின்று பேனையை உதறிப் பார்த்தாள். "அண்ணை, உங்களுக்கும் லைன் போனதோ?"

"இல்லை. நான் மாணவர் ஒன்றியச் செயலாளர்."

அவளுக்கு விளங்கவில்லை. பெருந்தொற்றால் வீட்டிலிருந்தே படித்த ஆண்டுக்காரி, வளாகத்தையே அப்போதுதான் பார்க்கிறாள். "அப்பிடியெண்டால்?"

"உங்களுக்காகக் கதைக்கிற ஆக்கள்."

கொஞ்சம் யோசித்தாள். கோபம் ஒன்றும் இல்லை அவள் முகத்தில். "எங்களோடை ஒருநாளும் கதைக்கேல்லையே, அண்ணை," என்றாள்.

குருநகர்க்காரி வரிசையிலிருந்து என் தோளைத் தட்டினாள். "செயலாளர் அண்ணை, வாசலை விட்டுத் தள்ளி நில்லுங்கோ. ஆக்கள் உள்ளை போகோணும்."

தள்ளி நின்றேன்.