பலகாரச் சிவப்பு

இல்லவே இல்லை. இருட்டறைக்குள் புருஷனையும் அந்தப் பூர்வந்தியையும் கையும் களவுமாகப் பிடித்துவிட்டுத்தான் லஸ்தரி கிளம்பினாள் என்று குழாயடியில் பேசுகிறவர்கள், அன்றைக்கு அந்த ஸ்டுடியோப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள். பொறாமையில் போனாள் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்ளலாம். அவளுக்குப் பொறாமை உள்ளங்கால் வரைக்கும் உண்டு. ஆனால் எதன்மேல் என்று தெரியாமல் பேசக்கூடாது.

செமாராங் என்ற துறைமுக ஊரில் கோ லியெம் நடத்திய போட்டோ ஸ்டுடியோவில் அவள் புருஷன் சுகிர்மான் இருட்டறையில் படம் போடுகிறவன். லஸ்தரிக்கு ஜன்னலோர வேலை. உச்சிவெயிலில் குடைக்குக் கீழே நிற்க வைத்து எடுத்த கல்யாணப் பெண்ணின் முகம் காகிதத்தில் அடுப்புக்கரி மாதிரி வரும். அது வராமல் இருக்க, நெகட்டிவின் முதுகில் முகம் இருக்கிற இடத்தில் மட்டும் சிவப்புச் சாயம் பூச வேண்டும். அந்தக் காகிதத்துக்குச் சிவப்பு என்றால் குருடு. சாயம் வெளிச்சத்தைத் தடுக்கும், முகம் தெளிந்து வரும். மயிரிழைத் தூரிகையால் ஒரு பூச்சு, காய விட்டு இன்னொன்று, அப்படிப் பத்துப் பன்னிரண்டு. ஊரில் பாதிப் பெண்களை அழகாக்கியது அவள் கைதான். யூ லஸ் என்று வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா ஸ்தானத்தில் வைத்துக் கூப்பிட்டது அதற்காகத்தான்.

அந்தச் சாயம் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு வருஷம் கப்பலில் சரக்கு வருவது நின்றது, சாயமும் நின்றது. கோ லியெம் கையை விரித்துவிட்டார். லஸ்தரி தேடக் கிளம்பினாள். மருந்துக்கடைச் சிவப்பு மருந்து காய்ந்ததும் வெடித்தது. செச்சாங் என்கிற சிவப்பு மரக்கட்டையைக் காய்ச்சிய தண்ணீர் திப்பி திப்பியாய் நின்றது. செம்பருத்திச் சாறு விடிவதற்குள் நீலமாகிவிட்டது. பதினாறு நாள் அலைந்து, கடைசியில் ஜோஹார் சந்தையில் ஆமை வடிவத்தில் சிவப்புப் பலகாரம் விற்கிற பூ கார்த்தி என்ற அம்மாளின் கூடையில் கண்டுபிடித்தாள். மாவில் கலக்கிற பொடி. பொட்டளவு தண்ணீரில் கரைத்துப் பூசினால் அட்டைபோல் ஒட்டியது. தப்பாகிவிட்டால் தண்ணீரில் அலசினால் போயிற்று. ஜாமு மருந்துக் குப்பியில் ஊற்றி மூடி வைத்துக்கொண்டாள். முதலாளிக்குக்கூடச் சொல்லவில்லை. சுகிர்மானிடம் மட்டும் சொன்னாள். அந்தச் சிவப்பு கையில் இருக்கிறவரைக்கும் ஜன்னலோர நாற்காலி அவளுடையது.

பிறகு பூர்வந்தி வந்தாள். ரசீது எழுத வந்தவள், ஒரு மாதத்தில் இருட்டறைத் திரைக்குப் பின்னால் போய்ச் சிரிக்க ஆரம்பித்தாள். லஸ்தரி தூரிகையைப் பிடித்தபடி அந்தச் சிரிப்பை எண்ணினாள். புருஷன் கழற்றிப் போட்ட சட்டையை மோந்து பார்த்தாள். மல்லிகை எண்ணெய் வாசனை இருக்கிறதா என்று. படம் கழுவுகிற காடி நெடிதான் அடித்தது. வேலை கற்றுக்கொள்கிற பெண்தானே என்று அவன் சொன்னபோது, அந்த 'தானே'வை மூன்று நாள் மனசுக்குள் அரைத்துக்கொண்டிருந்தாள். பூர்வந்தியின் வளையல், நகம், நடை எல்லாம் அவள் கண்ணை உறுத்தின. தேடின இடமெல்லாம் தப்பான இடம்.

ஒரு வியாழக்கிழமை துறைமுக அதிகாரி ஒருவர் மகள் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து மேஜையில் எறிந்தார். குடையும் நகையும் பளிச்சென்று இருக்க, பெண்ணின் முகம் மட்டும் தோலுரித்த அவித்த முட்டை. கண் இல்லை, மூக்கு இல்லை. கோ லியெம் லஸ்தரியைக் கூப்பிட்டு, இது உன் கை வேலையா என்று கேட்டார். அவள் நெகட்டிவை எடுத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். முகத்தின்மேல் தடிப்பாக, பலகாரம் மாதிரியே சிவப்பு. என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. பூசின பூர்வந்தி இருட்டறைச் சிவப்பு விளக்கடியில் உட்கார்ந்து பூசியிருக்கிறாள். அந்த விளக்கில் சிவப்பு கண்ணுக்கே தெரியாது. சாயம் பிடிக்கவில்லை என்று நினைத்து மேலே மேலே பூசியிருக்கிறாள்.

அது சின்ன விஷயம். அந்தப் பொடியின் கதை தெரிந்தவன் உலகத்திலேயே ஒருத்தன்தான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவளுக்கு ஏன் சொன்னீங்க, மாஸ்?" புருஷனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"கேட்டா, சொன்னேன். இதுல என்ன இருக்கு லஸ்? பலகாரச் சாயந்தானே."

லஸ்தரி நெகட்டிவை மேஜையில் வைத்தாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீங்க அவ கையைப் பிடிச்சிருந்தாக்கூட, சண்டை போட்டுட்டுச் சாயந்தரம் சோறு பொங்கியிருப்பேன்."

அப்புறம் அவள் செய்ததை யாரும் சொல்வதில்லை. நெகட்டிவைத் தண்ணீரில் அலசி, காயவைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து மத்தியானம் வரை பூச்சுக்குமேல் பூச்சாகப் பூசிக் கொடுத்தாள். சுகிர்மான் உள்ளே போய்ப் படம் போட்டு நீட்டினான். பெண் சிரித்துக்கொண்டிருந்தாள், கன்னத்துக் குழிகூடத் தெரிந்தது. அதிகாரி எடுத்துக்கொண்டு போனார்.

பூர்வந்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

"யூ லஸ், எனக்கு மட்டும் ஏன் அப்படி ஆச்சு? எங்கே தப்பு?"

"அவரைக் கேளு. எல்லாம் சொல்றவராச்சே."

அவனுக்குத் தெரியாது. ஒன்பது வருஷமாக அவன் இருட்டுக்குள்ளேதான் வேலை செய்தான். அவள் ஏன் ஜன்னலை விட்டு நகரமாட்டாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

லஸ்தரி தூரிகையைத் துடைத்துக் கொண்டையில் செருகிக்கொண்டாள். குப்பியை மேஜையிலேயே விட்டாள்; அந்தப் பொடியை இனி யார் வேண்டுமானாலும் சந்தையில் வாங்கலாம். திரைக்கு வெளியே நின்று, நான் போறேன் என்றாள்.

"லஸ், காகிதம் வெளியே கிடக்கு, வெளிச்சம் பட்டா போச்சு, இப்பத் திறக்க முடியாது," என்று உள்ளேயிருந்து சுகிர்மான் குரல் கொடுத்தான். "ரெண்டு நிமிஷம் இரு."

அழுதுகொண்டே ஓடினாள் என்கிறார்களே, அதுவும் பொய். அவள் நிதானமாகச் செருப்பை மாட்டினாள், வார் சரியாக இருக்கிறதா என்று குனிந்துகூடப் பார்த்தாள். அந்த இரண்டு நிமிஷம் முடிவதற்குள் வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கிவிட்டாள்.