ஊமச்சி என்றால் எரியும் லைட்டு

என் வீட்டுக்காரருக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்ட பிறகு, வாயில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. பேச்சு முழுக்கப் போனாலும் நாக்கில் ஊறிய சொல் ஒன்றிரண்டு தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். சிலருக்குச் சாமி பெயர் தங்குமாம், சிலருக்குப் பிள்ளை பெயர். இவருக்குத் தங்கியது ‘ஊமச்சி’.

அது நான்தான். கல்யாணமாகி வந்த புதிதில் வேற்று ஆள் யார் வந்தாலும் எனக்கு வாய் வராது. கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அதற்கு அவர் வைத்த பெயர். விருந்தாள் முன்னால், “எங்க ஊட்டு ஊமச்சிக்கு ஆண்டவன் சோறு திங்க மட்டுந்தான் வாயி வெச்சிருக்கறான்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் அண்ணனும் ஒரு தரம் சிரித்தான். நானும் குனிந்துகொண்டு சிரித்து வைப்பேன்.

படுத்த பிறகு தண்ணீருக்கும் ஊமச்சி, புரட்டிப் படுக்க வைக்கவும் ஊமச்சி, லைட்டுக்கும் ஊமச்சி. மூட்டு வலியோடு அடுப்படியிலிருந்து எழுந்து எழுந்து போவேன். நடப்பதுகூடப் பரவாயில்லை. அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் கால் தானாக எழுந்துகொள்கிறதே, அதுதான் பொறுக்கவில்லை. சாவதற்குள் ஒரு தரமாவது அதைக் கேட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு ஆசை எனக்கு இருக்கவில்லை.

மகன் ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியோடு வடக்கே போகிறவன். மழைக்கு லாரி ஊர் திரும்பியபோது, சொன்னால் எரிகிற சுவிட்சு ஒன்று திருச்செங்கோட்டுக் கடையில் வாங்கி வந்தான். “உனக்கு ஒரு நடை மிச்சம்மா” என்றான். அதை மாட்ட அங்கிருந்தே ஒரு எலக்ட்ரீசியன் வந்தார்.

எங்களுடையது மாமனார் காலத்து வீடு. சுவரில் மரச்சட்டம் அடித்து அதன்மேல் வயர் ஓடும். கட்டிலுக்குப் பக்கத்து சுவிட்சுப் பெட்டியைக் கழற்றியவர், டெஸ்டரைக் காதில் சொருகிக்கொண்டு யோசித்தார்.

“ஏனுங்க தம்பி, இதுல ரெண்டே ஒயருதானுங்க இருக்குது. கரண்டு வர்றது ஒண்ணு, பல்புக்குப் போறது ஒண்ணு. நியூட்ரலைக் காணமே.”

“இத்தன வருசமா அது இல்லாமத்தானுங்கண்ணா எரிஞ்சுது?”

“பழைய சுச்சு செவிடனுங்க. தட்டுனா முழிக்கும், இல்லீன்னா தூங்கும். இது அப்படியில்லீங்க, லைட்டு அமத்தியிருந்தாலும் காதைத் தொறந்து வெச்சுக்கிட்டே இருக்கோணும். அதுக்குன்னு தனியாக் கரண்டு வேணும். வந்த கரண்டு திரும்பிப் போக வழி வேணுமில்லீங்க? அந்த வழிதான் நியூட்ரல். இங்க அது பொட்டிக்கு வராம மேலயே பல்புக்கும் பேனுக்கும் போயிருச்சு.”

“எர்த்து ஒயர்ல குடுத்தா?”

“வேலை செய்யுமுங்க. ஒரு நாளைக்கு உங்கம்மா கிரைண்டரைத் தொட்டாங்கன்னா அவுங்களும் போயிருவாங்க, மேலயே.”

மகன் சிரித்தான். கட்டிலில் இருந்தவரும் சிரித்தார். அவருக்குச் சிரிப்பு மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வந்தது.

நியூட்ரல் இல்லாமலே ஓடுகிற சுவிட்சும் கடையில் உண்டாம். “அது குடிக்கற கரண்டைப் பல்பு வழியாத்தான் குடிக்குமுங்க. சின்ன எல்.ஈ.டி. பல்பு தாங்காது, அமத்துனாலும் மினுக்கு மினுக்குன்னு கண்ணடிச்சுக்கிட்டே கெடக்கும். ஐயா தூங்க வேண்டாமுங்களா?” என்றார். அதனால் பேனிலிருந்து ஒரு நியூட்ரல் வயரை இறக்கி, பிளாஸ்டிக் பட்டைக்குள் விட்டு, சுவரோடு பெட்டிக்குக் கொண்டுவந்தார். பெட்டியும் ஆழம் போதவில்லை என்று வேறு வைத்தார்.

மகன் வாங்கி வந்தது இங்கிலீசுக்குத்தான் எரியும் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. மறுநாள் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாம் எந்தச் சொல்லைப் பழக்கினாலும் பிடித்துக்கொள்கிற ஒன்றை எலக்ட்ரீசியனே மாற்றிக்கொண்டு வந்தார். அதற்கு மூன்று தரம் சொல்லிக் காட்ட வேண்டும்.

“அப்பா, லைட்டுன்னு சொல்லுங்க” என்றான் மகன்.

“ஊமச்சி.”

“லைட்டு.”

“ஊமச்சி.”

எலக்ட்ரீசியன், “உடுங்க தம்பி. சுச்சுக்கு அர்த்தமா தெரியப்போவுது? வர்ற சத்தத்தையே பழக்கிருங்க” என்றார்.

மகன் என்னைப் பார்த்தான். “ஏம்மா, உனக்கொண்ணுமில்லியே?”

“எனக்கென்ன சாமி” என்றேன்.

மூன்று தரம் சொல்ல வைத்தார்கள். நாலாம் தரம் லைட் எரிந்தது. இன்னொரு தரம் சொன்னதும் அணைந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, திரும்பத் திரும்பச் சொன்னார். நான் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகன் லாரிக்குப் போன அன்று பொழுது சாயக் கூப்பிட்டார். வழக்கம்போல் கால் எழுந்தது. அதற்குள் அந்த அறையில் வெளிச்சம் வந்துவிட்டது. கூப்பிட்டது என்னை இல்லை, லைட்டைத்தானே? உட்கார்ந்தேன். அந்தச் சுகத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சுகம்தான்.

அன்றிலிருந்து அவர் எதற்குக் கூப்பிட்டாலும் லைட்டையே கூப்பிட்டதாக வைத்துக்கொண்டேன். சோறு, மாத்திரை, துணி மாற்றுவது எல்லாம் அந்தந்த நேரத்துக்குச் செய்தேன். குறை வைக்கவில்லை. கூப்பிட்டதற்கு மட்டும் போகவில்லை.

ஒரு நாள் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். அறையில் லைட் எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. குரல் முதலில் அதட்டலாக வந்தது. பிறகு கெஞ்சலாக வந்தது. அந்தச் சொல்லைக் கெஞ்சியும் சொல்லலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முறத்தில் இருந்ததை முழுக்க உரித்து, தொலியைக் கூட்டி வாரிவிட்டுப் போனேன். படுக்கை நனைந்து கிடந்தது. வெட்கத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

“லைட்டக் கூப்புடறீங்களாக்கும்னு இருந்துட்டனுங்க” என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார். அதற்குமேல் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லும் வரவில்லை.

பத்து நாள் கழித்து மகன் போனில், “சுச்சு வேலை செய்யுதாம்மா?” என்று கேட்டான். அப்பா கூப்பிடுவதில்லை என்று சொன்னேன். அவன் சுவிட்சுதான் கெட்டுவிட்டது என்று நினைத்து எலக்ட்ரீசியனை அனுப்பிவிட்டான்.

வந்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். “கரண்டு வருதுங்க, நியூட்ரலும் கெட்டியாத்தான் இருக்குது. ஐயா, ஒருக்கா சொல்லுங்க பாக்கலாம்.”

அவர் என்னைப் பார்த்தார். உதட்டை இறுக்கிக்கொண்டார்.

“சொல்ல மாட்டீங்கறாரே. சரி, நீங்க சொல்லிப் பாருங்கம்மா. குரல் மாறுனாலும் சில நேரம் புடிக்குமுங்க.”

அந்தச் சொல்லை நான் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. அதுவும் வேற்று ஆள் முன்னால். கட்டிலருகே போனேன். சுவிட்சைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“ஊமச்சி.”

லைட் எரிந்தது.

“அட, ஐயா கொரலை விட உங்க கொரலைத்தானுங்க வெடுக்குன்னு புடிக்குது!” என்று எலக்ட்ரீசியன் கை தட்டிச் சிரித்தார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. நான் துடைக்கவில்லை.

இப்போதெல்லாம் பொழுது சாய்ந்தால் கட்டில் பக்கத்தில் நின்று நான்தான் சொல்கிறேன். கையால் தட்டினாலும் எரிகிற சுவிட்சுதான் அது. தட்டுவதில்லை.